திருப்பிச் சொல்லச் சொன்ன சிஸ்டர்

அந்த சிஸ்டரை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லும்போது, ஐஸ் வைக்கிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. என் மாமியாருக்கு முட்டிவலி என்று முதல் தடவையாகப் போயிருந்தோம். வராந்தாவில் இருபது முப்பது பேர் ஸ்வெட்டரும் மப்ளருமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் போன காலேஜ் பையன் ஒருவன், "வயித்து வலி சிஸ்டர்" என்றான். அவனை உள்ளே கூட்டிப்போய்த்தான் விசாரித்தார், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் குரலை எந்தக் கதவு தாங்கும்? "வயித்து வலிக்காரன் வயித்துல கை வைப்பான் தம்பி. நீ பையை முன்னால வச்சு மறைச்சுக்கிட்டு நிக்கிற. ஆண்குறியில வலியா? தோல் பின்னால போக மாட்டேங்குதா? கூச்சப்படாமச் சொல்லு. கண்ணு, காது மாதிரி அதுவும் ஒரு உறுப்புதான்."

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். என் மாமியார் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு, "ஆத்தாடி, பொம்பளையா இவ?" என்றார். என் மகன் வேலுவுக்கு அப்போது ஆறு வயசு. அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் அவன் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினேன். கிள்ளிய இடம் ஒரு வாரத்துக்கு நீலமாகக் கிடந்தது. ஒரு கிள்ளுக்கு இவ்வளவா என்று நான் யோசிக்கவே இல்லை.

சிஸ்டருக்கு ஐம்பது வயசு இருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஒரு மரூன் ஸ்வெட்டர், சாக்ஸ் போட்ட காலில் ரப்பர் செருப்பு. பக்கத்தில் வந்தால் தைலம் மணக்கும். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தவர்கள். அதனால் நாம் 'புரிஞ்சுதா' என்று கேட்கிற இடத்தில் அவர் 'விளங்குச்சா' என்பார். கேட்டால் நாம் என்ன செய்வோம்? தலையாட்டுவோம். ஆஸ்பத்திரியில் எல்லாரும் செய்கிறதுதானே அது. அவர் விடமாட்டார். "தலை ஆடுது, சரி. இப்ப நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க."

அவரிடம் எல்லாரும் அப்படித்தான் மாட்டினார்கள். ஒரு லாட்ஜ் முதலாளி, "நான் எம்.ஏ. படிச்சவம்மா" என்று முறைத்தார். "அப்ப சுலபமாச் சொல்லிருவீங்க, சொல்லுங்க" என்றார் சிஸ்டர். பஜாரிலிருந்து ஒரு பாய் தன் பையனுக்கு சுன்னத் செய்ய வந்திருந்தார். "இது எங்க மார்க்கத்துல உள்ளது சிஸ்டர், எங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றார். "உங்க மார்க்கத்தைப் பத்தி நான் எதுவும் சொல்லல பாய். மார்க்கத்துக்காகச் செஞ்சாலும் சீக்குக்காகச் செஞ்சாலும் கத்தி ஒண்ணுதான், ரத்தம் ஒண்ணுதான். அதனால கேள்வியும் ஒண்ணுதான்." பாய் சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். எங்களை மாதிரி பொய் சொல்லவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். நான் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் பிறந்தவள். கொடைக்கானலுக்கு மேலே, மேல்மலையில் வாக்கப்பட்டேன். பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். அங்கே ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவி அந்த இடத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். இழுக்காவிட்டால் தோல் ஒட்டிப்போய்விடுமாம், பின்னால் பிள்ளை பிறக்காதாம். என் மாமியார் அதை ஒரு நேர்த்திக்கடன் மாதிரி விடாமல் செய்தார். வேலு வளர வளர தோல் தளர்வதற்குப் பதிலாக இன்னும் இறுகியது. ஒண்ணுக்குப் போகும்போது முனையில் பலூன் மாதிரி உப்பும். ஒரு நாள் காலையில் மாமியார் இழுத்த இழுப்பில் தோல் பின்னால் போனது, திரும்பி முன்னால் வரவில்லை. நுனி வீங்கிப்போய்ப் பிள்ளை துடிக்கிறான். ஜீப்பைப் பிடித்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சிஸ்டர் குளிர்ந்த துணியை வைத்துக் கையால் மெதுவாக அமுக்கிக்கொண்டே இருந்தார், பத்து நிமிஷத்துக்கு மேல். அமுக்கியபடியே அவனிடம் எத்தனை ஆடு, எந்த ஆட்டுக்கு என்ன பேர் என்று விசாரித்தார். வீக்கம் வற்றித் தோல் முன்னால் வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு இழுத்தது?"

"நாந்தான். அழுக்குச் சேருமேன்னு..." என்றார் மாமியார்.

"சின்னப் பிள்ளைக்குத் தோல் ஒட்டித்தான் இருக்கும் பாட்டி. அது சீக்கு இல்ல. வயசு ஏற ஏறத் தானாத் தளரும், சில பிள்ளைக்குப் பத்து வயசுகூட ஆகும். நீங்க இழுத்தா உள்ள கிழியும், கிழிஞ்ச எடம் தழும்பாகி இன்னும் இறுகும். வெளிய தண்ணி ஊத்திக் கழுவுனாப் போதும். இது மாதிரி திரும்பி வராம மாட்டிக்கிச்சுன்னா ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, ரத்த ஓட்டம் நின்னு உறுப்பே போயிரும். விளங்குச்சா?"

மாமியார் திருப்பிச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர்பேர் தெரியாத ஒருத்தியிடம் அவர் பாடம் ஒப்பித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள்ளே குளுகுளுவென்று இருந்தது, மறைப்பானேன்.

டாக்டர் ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். தினம் இரண்டு வேளை, இரண்டு மாசம் பூச வேண்டும். அதில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் அந்த டியூபை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார். அந்த இடத்தில் இங்கிலீஷ் மருந்து பட்டால் வம்சம் அற்றுப்போகுமாம். நானும் சும்மா இருந்துவிட்டேன். மறுபடி மறுபடி புண், சீழ், காய்ச்சல். நாலு மாசம் கழித்துப் போனபோது டாக்டர், "களிம்பு ஒழுங்காப் போட்டீங்களா?" என்று கேட்டார். "ரெண்டு வேளையும் போட்டோங்க" என்றோம் நானும் மாமியாரும் என் வீட்டுக்காரரும், ஒரே குரலில். "போட்டும் கேக்கலைன்னா முன்தோலை எடுத்துர வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் பொய் சொல்வது எங்களுக்குப் பொய் மாதிரியே தோன்றுவதில்லை. அது ஒரு மரியாதை மாதிரி.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டில் சேர்ந்தோம். பக்கத்துக் கட்டிலில் எங்களை மாதிரியே பூண்டு போடுகிற குடும்பத்துப் பையன். போன வாரம் இதே ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவன், திரும்பி வந்திருந்தான். தாத்தா பாசத்தில் மலைப்பூண்டை நசுக்கிப் புண்ணில் வைத்துக் கட்டியிருக்கிறார். எங்கள் பக்கம் சளிக்கும் பூண்டு, தேள்கடிக்கும் பூண்டு. கட்டைப் பிரித்தபோது நானும் பார்த்தேன். அடுப்பில் சுட்டது மாதிரி தோல் வெந்து கொப்புளித்திருந்தது.  சிஸ்டர் அந்தத் தாத்தாவை ஒன்றும் திட்டவில்லை. "தப்பு என் மேல. பூண்டு வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லல" என்றார். அன்றையிலிருந்து மேல்மலைக்காரர்கள் எல்லாரும் 'பூண்டு வைக்க மாட்டேன்' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதை முதலில் சொன்னவள் நான்தான்.

அன்று மத்தியானம் எங்களை உட்கார வைத்தார். என் வீட்டுக்காரர், மாமியார், நான்.

"பிள்ளைக்கு முடியெறக்குனா திரும்ப மொளைக்கும். இது மொளைக்காது. அதனால நல்லாக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. ரத்தம் வரலாம், சீழ் பிடிக்கலாம், ஒரு வாரம் பத்து நாள் வலி இருக்கும். கட்டு நனைஞ்சு ரத்தம் வந்துக்கிட்டே இருந்தா, ஒண்ணுக்குப் போக முடியலன்னா, காய்ச்சல் அடிச்சா ஒடனே வரணும். இப்ப எனக்கு ஒரு பதில் வேணும். வீட்டுல யாருக்காச்சும் ரத்தம் வந்தா நிக்காமப் போற சீக்கு இருக்கா?"

"எங்க பக்கம் யாருக்கும் கெடையாதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க பக்கம் இருக்கட்டும். இது அம்மா வழியா வர்றது, ஆம்பளைப் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். அம்மா நீங்க சொல்லுங்க. உங்க கூடப் பொறந்தவங்க, உங்க அம்மா கூடப் பொறந்தவங்க?"

"இல்லை."

"முழுசாத் திருப்பிச் சொல்லுங்க."

"எங்க வீட்டுல ரத்தம் நிக்காத சீக்கு யாருக்கும் இல்லை." ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரரை மருந்து வாங்கவும் மாமியாரை டீ வாங்கவும் அனுப்பிவிட்டு, தனியாக இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் இல்லை என்றேன்.

பொய். எனக்கு ஒரு தம்பி இருந்தான். தண்டபாணி. ஏழு வயசில், ஆடிக்கொண்டிருந்த பால்பல்லை ஒரு காலை நேரத்தில் பிடுங்கினார்கள். மறுநாள் மத்தியானம் வரை வாயிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டே இருந்தது. மஞ்சளை வைத்தார்கள், காப்பித்தூளை வைத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். அவ்வளவுதான், போய்விட்டான். அம்மா ஊருக்கெல்லாம் காய்ச்சல் என்று சொன்னாள். எனக்குப் பத்து வயசு, நான் பக்கத்திலேயே இருந்தேன். என் கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "ரத்தத்துல சீக்குன்னு தெரிஞ்சா ஒன்னையும் வச்சுக்க மாட்டாங்க, ஒந்தங்கச்சியையும் ஒருத்தனும் கட்ட மாட்டான். காய்ச்சல்னே சொல்லணும்" என்றாள். சத்தியம் செய்துவிட்டேன். ஒரு பிள்ளையைப் பெற்றவள் அந்த இடத்தில் எதை நினைத்திருக்க வேண்டும்? நான் மாமியார் வீட்டை நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் புதன்கிழமை. வெளியூரிலிருந்து ஆபரேஷன் டாக்டர் வருகிற நாள். வேலு வெறும் வயிற்றோடு பச்சை கவுனில் உட்கார்ந்திருந்தான். தியேட்டர் வாசலில் சிஸ்டர் அவன் தலையில் துணித்தொப்பியை மாட்டினார். காதை உள்ளே தள்ளப்போன கை அப்படியே நின்றது. இந்தக் காதைப் பார்த்தார், அந்தக் காதைப் பார்த்தார்.

"ஏன் ஒரு காது மட்டும் குத்தியிருக்கு?"

"ரொம்ப அழுதாங்க. அதான் விட்டுட்டோம்" என்றார் வீட்டுக்காரர்.

"அழாத பிள்ளை உண்டா? காதுகுத்து வச்சுட்டு ஒத்தைக் காதோட எந்திரிப்பாங்களா?"

மாமியார்தான் சொன்னார். "ரெண்டு நாளு கசிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு தாயி. சாமி குத்தம்னு மத்த காதைக் குத்தல."

"யாரு மடியில உக்கார வச்சீங்க?"

"அவ சித்தப்பா மகன் மடியில."

"சொந்த மாமன் எங்க?"

"அவ தம்பி சின்ன வயசுலயே காய்ச்சல்ல போயிட்டானுங்க சிஸ்டர்" என்றார் வீட்டுக்காரர், பாவம், வெள்ளை மனசோடு.

சிஸ்டர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எத்தனை நாள் காய்ச்சல்?"

 உள்ளேயிருந்து டாக்டர், "சிஸ்டர், என்ன லேட்டு? எனக்கு இன்னும் மூணு கேஸ் இருக்கு" என்று கத்தினார். வேலு என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்றான்.

"பல்லு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

அவர் வேலுவின் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார்.

"பல்லுப் பிடுங்குனாங்க. ரத்தம் நிக்கல. செத்துப்போயிட்டான்."

சிஸ்டர் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. "உங்க வீட்டுக்காரரைப் பாத்துத் திருப்பிச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். தம்பி பேரையும் சேர்த்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கோபக்காரர், சோற்றில் உப்பில்லையென்றால் தட்டு பறக்கும். அன்றைக்கு அவர் ஒன்றுமே செய்யவில்லை. "எட்டு வருசமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

சிஸ்டர் கதவைத் திறந்து, "டாக்டர், கத்தியைக் கீழ வைங்க. தாய்மாமன் பல்லுப் பிடுங்கி ரத்தம் நிக்காம எறந்திருக்கான்" என்றார். கையுறையோடு வெளியே வந்த டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வார்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ரத்தம் எடுத்துப் பாத்தோமே, எல்லாம் சரியா இருந்துச்சே" என்றார். பிறகு அவரே, "சாதாரண டெஸ்ட்ல சில சமயம் இது தப்பிச்சிரும். நீங்க சொன்னாத்தாம்மா எங்களுக்குத் தெரியும்" என்றார். 

மதுரையில் தனி டெஸ்ட் எடுத்தார்கள். ரத்தம் உறைகிற சத்து ஒன்று அவனுக்குக் குறைவு. வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த டியூப் கதையை மாமியார் அங்கே அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். புதுக் களிம்பை ஒழுங்காக இரண்டு மாசம் பூசினோம், யாரும் இழுக்கவில்லை. தோல் தளர்ந்துவிட்டது. வெட்டவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் இரண்டு பொய்களும் சேர்ந்து பிள்ளையைத் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கின்றன. இன்றைக்கு வேலுவுக்கு மீசை முளைத்துவிட்டது. பல் டாக்டரிடம் போனால்கூட முதல் வேலையாகத் தன் சீக்கின் பேரைத்தான் சொல்வான்.

ஆனால் அந்தப் புதன்கிழமை நடந்ததில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். டாக்டர் உள்ளே போன பிறகு, எல்லாம் முடிந்தது என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். சிஸ்டர், "நான் கேட்ட கேள்வியும் சரியில்லை. சின்னதுல யாரு எறந்தாங்கன்னு கேட்டிருக்கணும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"கூடப் பொறந்த தங்கச்சி இருக்கா உங்களுக்கு?"

"இருக்கா. செல்வி. ஆயக்குடியில, கொய்யா மண்டிக்காரங்க வீட்டுல."

"பிள்ளை?"

"பத்து மாசம். பையன்." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "வர்ற வெள்ளிக்கிழமை பழனியில மொட்டையும் காதுகுத்தும்."

அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். அங்கேதான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். "போடுங்க. இப்பவே" என்றார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று இழுத்தேன். "உங்க அம்மா ஒரு பிள்ளையைப் பறிகுடுத்துட்டாங்க. இன்னும் எத்தனை?" என்றார்.

போட்டேன். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் ஸ்பீக்கரில் வைத்தேன். தண்டபாணி காய்ச்சலில் போனதாகத்தான் செல்விக்கும் தெரியும், அவள் அப்போது நாலு வயசுக் குழந்தை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். 

"அக்கா" என்றாள். "பிள்ளை தவழ ஆரம்பிச்சதுலேர்ந்து முட்டியெல்லாம் நீலமாக் கன்னிப்போய்க் கெடக்கு. சிமிண்டுத் தரைதான் காரணம்னு நான் பாயா விரிச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன். இதுவும் அதுதானாக்கா?"

நான் போனைக் கீழே போடப் பார்த்தேன். சிஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நான் கொடைக்கானல் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசுறேன். பயப்படாதீங்க, இதுக்கு மருந்து இருக்கு. காது குத்தக் கூடாது. நாளைக்கு உங்க அக்கா மதுரைக்கு வர்றாங்க, நீங்களும் பிள்ளையோட வாங்க. பல்லோ, ஊசியோ, ஆபரேஷனோ, எதுன்னாலும் முதல்ல உங்க அண்ணன் எப்படி எறந்தான்னு சொல்லணும். விளங்குச்சா?"

"விளங்குதுங்க" என்று அழுதாள்.

"அழுதுக்கிட்டே சொன்னாலும் பரவாயில்லை. திருப்பிச் சொல்லுங்க."

செல்வி சொன்னாள். அம்மா தன் தலையில் என் கையை வைத்து மறைக்கச் சொன்ன அத்தனையையும், விக்கி விக்கி, ஒவ்வொன்றாக, ஸ்பீக்கரில். வராந்தாவில் அன்றைக்கும் முப்பது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்டது. யாரும் குனிந்து செருப்பைப் பார்க்கவில்லை.